செரொட்டோனினுக்கு எந்தக் குறி?

1985 இல் நான் உயர்தர வகுப்பில் இருந்தபோது, எங்கள் விலங்கியல் மாஸ்டர் நரம்புக் கலங்களுக்கிடையே சைகை கொண்டுசெல்லும் இரசாயனங்களான நரம்புக் கடத்திகளின் பெயர்களைக் கரும்பலகையில் நிரலாக எழுதி, அடுத்த நரம்புக் கலத்தைத் தூண்டுவனவற்றுக்கு எதிரே சகக் குறியும் (+) அடக்குவனவற்றுக்கு எதிரே சயக் குறியும் (−) இட்டு வந்தார். செரொட்டோனினுக்கு வந்ததும் வெண்கட்டி நின்றது. "இதற்கு என்ன குறி போடுவதென்று எனக்கும் விளங்கவில்லை, தம்பிமார், பரீட்சைக்கு வராது" என்று சொல்லி அவ்விடத்தை வெறுமையாகவே விட்டார்.

1948 இல் கிளீவ்லண்டில் குருதித் தெளியத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இப்பொருள், மூளையிலும் உண்டென்பதை 1953 இல் பெற்றி ட்வாரொக்கும் இர்வின் பேஜும் காட்டினர். உடலிலுள்ள செரொட்டோனினில் மிகப் பெரும்பங்கு குடலில்தான் இருக்கிறது. மூளையின் வெளிப்புறப் படையான மேற்பட்டைக்கு வருவதோ, மூளைத் தண்டின் நடுக்கோட்டிலுள்ள ராபே கருக்கள் எனும் நரம்புக் கலத் திரள்களிலிருந்து மெல்லிய நார்கள் வழியே வருகிறது. இதை "மகிழ்ச்சி இரசாயனம்" என்று வார இதழ்கள் எழுதும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருவதுண்டு.

1998 இல் கனடாவில் ஓர் ஆய்வுகூடத்தில், எலியின் முன்மூளை மேற்பட்டையை மில்லிமீற்றரில் மூன்றிலொரு பங்கு தடிப்புள்ள சீவல்களாக வெட்டி, ஒட்சிசன் குமிழிகள் ஓயாது எழும் உப்பு நீரில் உயிருடன் வைத்து, ஐந்தாம் படையின் கூம்பகக் கலமொன்றில் கண்ணாடி நுண்குழாயைப் பொருத்தினேன். செரொட்டோனினை ஊற்றியதும் வோல்ற்றளவைக் காட்டும் கோடு கீழே சரிந்து, கலம் கணத்தாக்கம் எனும் மின்துடிப்பை எழுப்புவதை நிறுத்தியது. செரொட்டோனினைப் பற்றிக்கொள்ளும் கலமென்சவ்வுப் புரதங்களான வாங்கிகளுள் ஒன்றான 1ஏ வாங்கி, பொற்றாசியம் செல்லும் கால்வாய்களைத் திறக்க, நேரேற்றமுள்ள பொற்றாசியம் வெளியேறிக் கலத்தின் உட்புறம் மேலும் எதிரேற்றம் கொள்வதே காரணம். அவ்வாங்கியை மருந்தால் அடைத்துவிட்டு அதே செரொட்டோனினை மீண்டும் ஊற்றினேன். இம்முறை கோடு மேலே ஏறியது. கலத்தை அமைதிக்குத் திருப்பும் பொற்றாசிய ஓட்டங்களை 2ஏ வாங்கி குறைத்துவிடுவதால், சிறு தூண்டலுக்கே கலம் கிளர்ந்தெழுந்தது. இதே வாங்கி, கலத்தின் மேற்கிளைகளுக்கு வந்துசேரும் தூண்டும் கடத்தியான குளுட்டமேற்றின் சைகைகளையும் பெருக்குகிறது என்று யேல் பல்கலைக்கழகத்தின் அகாஜானியனும் மாரெக்கும் 1997 இல் காட்டியிருந்தனர்.

வாங்கி வகைகள் மொத்தம் பதினான்கு. அவற்றுள் மூன்றாம் வகை மட்டும் தானே ஒரு கால்வாய். மேற்பட்டையில் அது, அயற்கலங்களை அடக்கும் இடைக்கலங்கள் சிலவற்றில் அமைந்து அவற்றைத் தூண்டுகிறது, ஆகவே அங்கே சக என்பது அடுத்த கலத்துக்குச் சய ஆகிவிடுகிறது! 2012 இல் வெளியான சுண்டெலி ஆய்வொன்றில், மூளையின் மறுபாதிக்கு நார் அனுப்பும் கூம்பகக் கலங்கள் பல செரொட்டோனினால் தூண்டப்பட, மூளைத் தண்டுக்கு அனுப்புபவை அடக்கப்பட்டன.

அந்த 1998 ஆம் ஆண்டே, கீழிறங்கிய கோட்டையும் மேலேறிய கோட்டையும் படியெடுத்து, இளைப்பாறி வீட்டிலிருந்த மாஸ்டருக்குத் தபாலில் அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து வந்த பதிலில், சுக விசாரிப்புக்கு முன்பாகவே ஒரு கேள்வி இருந்தது: "இரண்டும் ஒரே கலமா, வேறு வேறு கலமா?"

ஒரே கலந்தான், மாஸ்டர் என்று அன்றிரவே எழுதினேன்.