மாமனார் விட்டுப்போன நாற்பத்தைந்து

என் மனைவியின் ஊர் டானாவ். செபு நகரத்திலிருந்து கடலை ஒட்டியே வடக்கே போனால் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பிலிப்பைன்ஸில் எங்கே போய் இந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். "ஓ, பால்திக் ஊரா?" பால்திக் என்றால் நாட்டுத் துப்பாக்கி. சிவகாசி என்றதும் நமக்குப் பட்டாசு ஞாபகம் வருகிறதல்லவா, அப்படி.

மாமனார் 2024 டிசம்பர் 14 அன்று காலமானார். இங்கே உடலைப் பல நாள் வீட்டில் வைத்திருப்பார்கள். இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும் என்பதற்காக வாசலில் சீட்டாட்டம் நடக்கும், ஆட்டப் பணத்தில் ஒரு பங்கு சாவுச் செலவுக்கு வந்து சேரும். அடக்கம், ஒன்பது நாள் ஜெபம், நடுவில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து போயின. ஜனவரி நடுவில்தான் மாமியார் அலமாரியைத் திறந்து, பூத்துவாலையில் சுற்றிய ஒரு பிஸ்கட் டின்னை மேசைமேல் வைத்தார். உள்ளே மரிகினாவில் செய்த .45 கைத்துப்பாக்கி, 43 தோட்டா, உரிமத்தின் நகல்.

இந்த .45க்கு ஒரு கதை உண்டு. அமெரிக்கர்கள் இந்த நாட்டைப் பிடித்திருந்த காலத்தில், தெற்குத் தீவுகளின் முஸ்லிம்களான மோரோக்களோடு நடந்த சண்டையில் அவர்களுடைய .38 ரிவால்வர் போதவில்லை. பெரிய குண்டு வேண்டும் என்று தேடிப்போனதன் விளைவுதான் 1911 மாடல் .45. இன்று அதே மாடலை மணிலாப் பெருநகரில் உள்ள மரிகினாவில் ஆர்ம்ஸ்கோர் கம்பெனி செய்து அமெரிக்கர்களுக்கே விற்கிறது. மாமனார் இதைச் சொல்லாத விருந்து கிடையாது.

டின்னைப் பார்த்ததும் என் மைத்துனன், "இதை என்ன செய்வது?" என்று கேட்டான். வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்றார் மாமியார். சட்டத்தைத் தேடிப் படித்தது நான்தான். வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டில் துப்பாக்கி உரிமம் வாங்கவே முடியாத ஒரே ஆள் நான். பிலிப்பைன்ஸ் குடிமகன் இல்லையே.

2013இல் வந்த 10591ஆம் எண் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. உரிமம் வைத்திருந்தவர் இறந்தால், துப்பாக்கி யார் கையில் கிடைக்கிறதோ அவர் ஆறு மாதத்துக்குள் அதைப் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். வாரிசு உரிமம் வாங்கும்வரை அது போலீஸ் காவலில் இருக்கும். ஆறு மாதம் தாண்டினால் வைத்திருப்பவர்மேல் சட்டவிரோத ஆயுத வழக்கு. தண்டனை எட்டு வருடம் ஒரு நாளில் தொடங்கிப் பத்து வருடம் வரை. எழுபத்திரண்டு வயது மாமியார் பிஸ்கட் டின்னோடு ஜெயிலுக்குப் போகும் காட்சி ஒரு கணம் கண்முன் வந்து போனது.

கணக்குப் போட்டோம். ஜூன் 14 வரை நேரம் இருந்தது. நாளைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று மைத்துனன் கிளம்பத் தயாராகிவிட்டான். அப்போது மனைவி சொன்னாள்: "எங்கே கொண்டு போவாய்? தேர்தல் வந்துவிட்டது."

நம் ஊரில் தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். இங்கே துப்பாக்கி வீட்டைவிட்டு வெளியே வரவே கூடாது என்பார்கள். 2025 மே தேர்தலுக்காக ஜனவரி 12 முதல் ஜூன் 11 வரை தடை. வழியெங்கும் சோதனைச்சாவடி. சுமந்து செல்லும் அனுமதி வைத்திருப்பவருக்கே அந்த நாட்களில் அது செல்லாது. ஆக, ஒரு சட்டம் கொண்டுவந்து கொடு என்கிறது, இன்னொன்று வாசலைத் தாண்டாதே என்கிறது. இரண்டுக்கும் இடையில் மிச்சம் மூன்றே நாள்.

யாருக்காவது இதே நிலைமை வந்தால் ஒன்று மட்டும் சொல்கிறேன்: எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள், முதலில் போன் செய்யுங்கள். மைத்துனன் ஸ்டேஷனுக்குப் போன் போட்டதும் அந்தப்பக்கம் இருந்தவர் பதறிப்போய், "தயவுசெய்து அதைத் தொடாதீர்கள், நாங்களே வருகிறோம்" என்றாராம். இரண்டு நாள் கழித்து இரண்டு போலீஸ்காரர்கள் ஜீப்பில் வந்தார்கள். பாரங்காய் தலைவரையும் நாங்கள் கூப்பிட்டிருந்தோம். நம் பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி. அவர் சாட்சியாக உட்கார்ந்தார். மாமியார் எல்லாருக்கும் புட்டோ என்ற அரிசிக் கேக்கும் காபியும் கொடுத்தார்.

வரிசை எண்ணைச் சரிபார்த்தார்கள். தோட்டாவை எண்ணினார்கள். பதிவான ஒரு துப்பாக்கிக்கு ஐம்பது தோட்டா வரை வைத்திருக்கலாம், ஆகவே 43 பிரச்சினையில்லை. ரசீது எழுதி முடித்த மூத்த போலீஸ்காரர் பேனாவை மூடிக்கொண்டே, "வேறு ஏதாவது இருக்கிறதா, நனாய்?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டார். நனாய் என்றால் அம்மா.

மாமியார் பதில் சொல்லவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனார். அரிசி டிரம்முக்குள் கைவிடும் சத்தம் கேட்டது. ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். உள்ளே ஒரு .38 ரிவால்வர். எண் கிடையாது. பக்கவாட்டில் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் பெயரை யாரோ கையால் பொறித்திருந்தார்கள், அதிலும் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.

என் மனைவியின் பெரியப்பா செய்தது அது. அவரைத் தியோ என்று கூப்பிடுவோம். அப்போது அவர் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தியோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்தில் கெரில்லாக்களுக்குத் துப்பாக்கி பழுது பார்த்ததில்தான் இந்தத் தொழில் தொடங்கியது என்று ஊரில் சொல்வார்கள். போர் முடிந்தபின் பழுது பார்த்த கை சும்மா இருக்கவில்லை. மலைப்பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஒரு பட்டறைப் பிடிகருவி, நாலைந்து அரம், ஒரு துளைக்கருவி இவ்வளவுதான் தொழிற்சாலை. தியோ பன்னிரண்டு வயதில் அரம் பிடித்தவர். பழைய வாகனங்களிலிருந்து எடுத்த எஃகு, சுருள்வில்லுக்குக் கிடைத்த கம்பி. அளவு எல்லாம் கண்ணில். குழலுக்குள் இருக்கும் முறுக்குக் கோட்டைக்கூடக் கையால் இழுத்து இழுத்துத்தான் போடுவாராம். 1990களில் அரசு அனுமதியோடு டானாவில் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபோது, அவரைப்போன்ற சிலர் எண் பொறித்த, கணக்கில் வந்த துப்பாக்கி செய்யும் கூரைக்குள் போனார்கள். பலர் தோப்பிலேயே இருந்துவிட்டார்கள். இன்று அவர் வீட்டில் கத்தி, அரிவாள் தீட்டுகிறார், பக்கத்து வீட்டுப் பூட்டுகளைச் சரிசெய்கிறார். விரல்நுனியில் ரேகை தேய்ந்துபோய் அரசாங்க இயந்திரம் எதுவும் அவர் கைநாட்டை ஒழுங்காக எடுப்பதில்லை.

அந்த ரிவால்வருக்கு உரிமம் வாங்க வழியே இல்லை. பாரங்காய் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "குடும்பம் தானாக முன்வந்து ஒப்படைக்கிறது, அப்படியே எழுதுங்கள்" என்றார். மூத்த போலீஸ்காரர் மாமியாரை ஒருமுறை பார்த்தார், அரிசி ஒட்டியிருந்த பையைப் பார்த்தார், எழுதினார். எங்கள் விஷயம் இப்படி முடிந்தது. எல்லாருக்கும் இப்படி முடியும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. வக்கீலைக் கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும்.

அடுத்தது உரிமம். மனைவி தன் பெயரில் வாங்குவதாகச் சொன்னாள். அவளுக்குத் துப்பாக்கி பிடிக்காது, ஆனால் அது அப்பாவுடையது. தேர்தல் தடை முடிந்து ஜூலையில் தொடங்கினோம். இங்கே முறை இரண்டு அடுக்கு: முதலில் ஆளுக்கு உரிமம், பிறகு ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனிப் பதிவு. முதல் வகை உரிமத்தில் இரண்டு துப்பாக்கி வரை வைத்திருக்கலாம். பதினைந்துக்கு மேல் வேண்டுமென்றால் சேகரிப்பாளர் என்ற தகுதி வேண்டும். இருபத்தொரு வயது, வேலை அல்லது வருமானச் சான்று, போதைமருந்துச் சோதனை, மனநலத் தேர்வு, துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு, போலீஸ் சான்று, வழக்கறிஞர் முத்திரை போட்ட காகிதங்கள். அதில் ஒரு காகிதம், போலீஸ் வந்து கேட்டால் துப்பாக்கியைக் காட்டுகிறேன் என்று முன்கூட்டியே தரும் சம்மதம்.

மனநலத் தேர்வில் ஒரு மனிதனை வரையச் சொன்னார்களாம். இவள் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்து வரைந்துவிட்டாள், விரல் வரைய வராது என்பதால். "எதை ஒளிக்கிறார் இவர்?" என்று பேட்டியில் கேட்டிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னதும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

உண்மையான தொல்லை போலீஸ் சான்றில். கணினியில் அவள் பெயரைப் போட்டதும் 'ஹிட்' என்று வந்தது. அதாவது அதே பெயரில் வேறெங்கோ ஒருவர்மேல் வழக்கு. 1849இல் ஸ்பானிய ஆளுநர் கிளவேரியா குடும்பப் பெயர்களை ஒரு பட்டியலிலிருந்து நாடு முழுக்கப் பங்கிட்டுக் கொடுத்தார். அந்தப் புண்ணியத்தில் ஒரே பெயரில் ஊருக்கு நாலு பேர். அந்த ஆள் இவள் இல்லை என்று தெளிவாவதற்குள் போதைமருந்துச் சோதனைக்குக் கொடுத்த தேதி பழசாகிவிடுமோ என்று பயந்துகொண்டே இருந்தோம். ஜெராக்ஸ் கடையில் மட்டும் ஐந்து தடவை நின்றேன். "பும்பாய், மறுபடியும் வந்துட்டியா?" என்பாள் கடைக்காரப் பெண். இந்தியர்கள் எல்லாரும் இங்கே பும்பாய்தான், மதுரைக்காரனும்.

2022இல் சட்டத்தைத் திருத்தியபின் உரிமத்தை ஐந்து வருடத்துக்கோ பத்து வருடத்துக்கோ எடுக்கலாம். மனைவி ஐந்து போதும் என்றாள். காலாவதியானால் வீடு தேடி வந்து கதவைத் தட்டுவார்கள், அந்த நடவடிக்கைக்குப் பெயரே 'காதோக்', தட்டுதல் என்று அர்த்தம். 2030 என்று அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

.45 வீட்டுக்கு வந்த அன்று தியோவும் வந்திருந்தார். காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, எண்ணெய்த் துணியால் துடைத்தார். நல்ல இயந்திர வேலை என்றார், கொஞ்சம் இளக்காரமாகத்தான். பிறகு குரலைத் தாழ்த்தி மனைவியிடம் கேட்டார்:

"அன்றைக்கு அந்த ரிவால்வரை வாங்கிக்கொண்டு போனார்களே, யார் செய்தது என்று ஸ்டேஷனில் யாராவது கேட்டார்களா?"

"இல்லை தியோ, யாருமே கேட்கவில்லை. பயப்படாதீர்கள்."

"ஒருத்தர்கூடவா?" என்றார்.