பித்தப்பைக் கல்: காத்திருந்ததும் அறுவை சிகிச்சைக்குச் சென்றதும்

முழு உடல் பரிசோதனைக்காக எடுத்த வயிற்று ஸ்கேனில்தான் என் பித்தப்பையில் கற்கள் இருப்பது தெரியவந்தது. என்னை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்ன டாக்டர், திரையில் வெண்புள்ளிகள் இடம் மாறி உருள்வதையும் அவற்றின் பின்னால் கரிய நிழல் விழுவதையும் காட்டி, கல் என்பதற்கு அவையே அடையாளம் என்றார்.

இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அறுவை சிகிச்சை நிபுணர் சொன்னது வீட்டில் யாருக்கும் திருப்தியளிக்கவில்லை. கல் உள்ளவர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்கு எந்தத் தொந்தரவும் வருவதில்லை என்றும், 3 செ.மீ.க்கு மேற்பட்ட கல், சுவரில் சுண்ணாம்பு படிந்த பித்தப்பை போன்ற சில நிலைகளில்தான் வலி வரும் முன்பே அகற்றுவதைப் பற்றி யோசிப்பார்கள் என்றும் அவர் விளக்கினார். உறவினர்கள் பரிந்துரைத்த வாழைத்தண்டுச் சாற்றைப் பற்றிக் கேட்டபோது, சிறுநீர்ப் பாதைக்கும் பித்தப்பைக்கும் தொடர்பே இல்லை என்று சிரித்தார்.

மாத்திரை எதுவும் எழுதாத அவர், எப்போது உடனே வர வேண்டும் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். வலி பல மணி நேரம் தணியாமல் காய்ச்சலும் சேர்ந்தால் பித்தப்பை அழற்சியாக இருக்கலாம்; கண் மஞ்சளாகி, சிறுநீர் அடர்ந்து, மலம் வெளிறினால் பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தநாளத்தைக் கல் அடைத்திருக்கலாம்; அத்துடன் குளிர் நடுக்கமும் வந்தால் அது உயிருக்கே ஆபத்தான தொற்று. மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்ந்து வாந்தி நிற்காவிட்டால் கணைய அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். பெரிய கல்லைக் கண்டுதான் எல்லோரும் அஞ்சுகிறோம். ஆனால் நாளத்துக்குள் எளிதில் நழுவிச் சென்று கணையத்தைப் பாதிப்பவை பெரும்பாலும் சிறு கற்களே.

பின்னர் ஒரு திருமண விருந்துக்குப் பிறகு, நள்ளிரவில், வலது விலாவுக்குக் கீழே தொடங்கிய வலி தோள்பட்டை வரை ஏறியது. எப்படிப் புரண்டு படுத்தும் குறையவில்லை, ஓமத் தண்ணீருக்கும் அசையவில்லை. விடியும் முன் தானாகவே அடங்கிவிட்டது. அடங்கிவிட்டாலும் இனி இது திரும்பத் திரும்ப வர வாய்ப்பு அதிகம் என்பதால், அறுவை சிகிச்சையைத் திட்டமிடலாம் என்றார் நிபுணர். கல்லீரல் பரிசோதனை முடிவுகள் இயல்பாக இருந்தன, பித்தநாளமும் விரிந்திருக்கவில்லை. இல்லையெனில் முதலில் பித்தநாளங்களைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுத்து, நாளத்தில் கல் இருந்தால் அதை எண்டோஸ்கோப்பி வழியாக நீக்க வேண்டியிருந்திருக்கும்.

சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றினார்கள். தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்தும் செய்ய நேரிடலாம், அரிதாகப் பித்தநாளத்தில் காயம் ஏற்படலாம் என்பதை முன்பே விளக்கித்தான் கையெழுத்து வாங்கினார்கள். எடுத்த கற்களைச் சிறு குப்பியில் போட்டுக் காட்டினார்கள். மிளகைப் போலக் கருத்து, சொரசொரப்பாக இருந்தன. தையல் போட்ட இடத்தைவிட, வயிற்றுக்குள் செலுத்திய வாயுவால் வந்த தோள் வலிதான் முதலில் அதிகம் தொந்தரவு தந்தது.

கல்லீரல் சுரக்கும் பித்தம் இப்போது நேராகக் குடலுக்கு வருவதால், எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் சில வாரங்கள் வயிறு இளகியது, பிறகு சரியாகிவிட்டது. அகற்றிய பித்தப்பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அரிதாகப் புற்றுநோய் அதில்தான் தெரியவரும் என்பதால், தையல் பிரிக்கச் சென்றபோது அந்த அறிக்கையையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.