எலும்புப்புரை மருந்துகள்: எதை விடலாம், எதை விடவே கூடாது

எலும்புத் தேய்மானம் என்ற ஒரே பேரில் இரண்டு நோய்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். முட்டி வலித்தால் அது மூட்டுத் தேய்மானம். எலும்பின் அடர்த்தி குறைந்து, சும்மா தடுக்கி விழுந்தாலே முறிந்தால் அது எலும்புப்புரை, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ். முறிகிற வரைக்கும் இது பெரும்பாலும் வலிக்காது. மாத்திரை போட்டாலும் எந்த வித்தியாசமும் தெரியாது என்பதால் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். சிலவற்றை விட்டால் எலும்பு கொஞ்ச காலம் தாங்கும். ஒன்றை மட்டும் விடவே கூடாது.

எலும்பை ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் அரித்துக்கொண்டே இருக்கும், ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் அந்தப் பள்ளத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அரிப்பின் கை ஓங்கிவிடுகிறது.

முதலில் எழுதித்தருவது பெரும்பாலும் வாரம் ஒருமுறை போடும் அலெண்ட்ரோனேட் 70 மி.கி. இதில் உடம்பில் சேர்வது 1 சதவீதத்துக்கும் குறைவு. காபி, பால், கால்சியம் மாத்திரை எதோடு சேர்த்துப் போட்டாலும் அதுவும் போச்சு. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரோடு முழுதாக விழுங்க வேண்டும். அடுத்த 30 நிமிடம் எதுவும் சாப்பிடக் கூடாது, படுக்கவும் கூடாது. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கிவிடும். மாதம் ஒருமுறை போடும் இபாண்ட்ரோனேட்டுக்கு இந்த 30 நிமிடம் 60 நிமிடம்.

உள்ளே போன மருந்து எலும்பில் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தை அரிக்கிற ஆஸ்டியோகிளாஸ்ட் மருந்தையும் சேர்த்து விழுங்கிச் செயலிழக்கிறது. மிச்சம் எலும்புக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அதனால்தான் ஆபத்து குறைவானவர்களுக்கு 5 ஆண்டுக்குப் பிறகு மருத்துவர் இடைவெளி விடச் சொல்கிறார். பல ஆண்டு போடுபவர்களுக்கு அரிதாகத் தொடை எலும்பு முறியலாம். அதற்குச் சில வாரம் முன்பே பலருக்குத் தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ மந்தமான வலி வரும், அதை வயசு வலி என்று தள்ளிவிடாதீர்கள். பல் பிடுங்க வேண்டியிருந்தால் மருந்து தொடங்குமுன்பே முடித்துக்கொள்வது நல்லது. தாடை எலும்பு ஆறாமல் போகிற சிக்கல் அரிதாக உண்டு.

இதே குடும்பத்து சோலெட்ரோனிக் அமிலம் ஆண்டுக்கு ஒருமுறை 5 மி.கி. நரம்பு வழியாக, குறைந்தது 15 நிமிடம் ஏற்றுவார்கள். முதல் தடவை இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம், பாராசிட்டமால் போதும். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் கிளியரன்ஸ் (நிமிடத்துக்கு மி.லி.) 35க்குக் கீழ் இருந்தால் இது கிடையாது.

விடக் கூடாது என்றேனே, அது டெனோசுமாப். 6 மாதத்துக்கு ஒருமுறை 60 மி.கி., தோலுக்கடியில் ஊசி. ஆஸ்டியோகிளாஸ்ட் உருவாகச் சொல்லும் ராங்க்-எல் என்ற சமிக்ஞையை இது மறித்து வைக்கிறது. எலும்பில் தங்குவதில்லை. மருந்து கரைந்ததும் அடக்கி வைத்திருந்த செல்கள் ஒரேயடியாகக் கிளம்பும். சேர்ந்த அடர்த்தி மளமளவென்று இறங்கி, சிலருக்கு முதுகெலும்பில் இரண்டு மூன்று கட்டைகள் அடுத்தடுத்து நொறுங்குகின்றன. தேதி ஒரு மாதத்துக்கு மேல் தள்ளக் கூடாது. நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் அலெண்ட்ரோனேட்டோ சோலெட்ரோனிக்கோ தொடர்ந்து தரவேண்டும். ஊசிக்கு முன் கால்சியமும் வைட்டமின் டி-யும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கட்டாயம்.

ரலாக்ஸிபீன் என்ற மாத்திரை முதுகெலும்பு முறிவைக் குறைக்கும், இடுப்புக்குப் பலன் நிரூபணமாகவில்லை. கால் நரம்பில் ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் வேண்டாம்.

எலும்பைக் கட்டும் மருந்துகள் தனி. டெரிபாரடைடு, ரத்தத்தில் கால்சியம் அளவைப் பார்த்துக்கொள்ளும் பாராதைராய்டு ஹார்மோனின் ஒரு துண்டு. அந்த ஹார்மோன் எந்நேரமும் அதிகமாக இருந்தால் எலும்பு கரையும், தினம் ஒருமுறை 20 மைக்ரோகிராம் என்று விட்டுவிட்டுக் கொடுத்தால் வளரும்! பேனா ஊசியை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது, திறந்த 28 நாளில் தூக்கிப்போட வேண்டும். ரோமோசோசுமாப் மாதம் 210 மி.கி., 12 மாதம். கடந்த ஓராண்டில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்குத் தருவதில்லை. இரண்டில் எதை முடித்தாலும் அந்தக் கையோடு எலும்பு அரிப்பைத் தடுக்கும் மருந்து தொடங்காவிட்டால் கட்டியது கரைந்துவிடும். வரிசையும் முக்கியம். டெனோசுமாப் போட்டவரை நேரே டெரிபாரடைடுக்கு மாற்றினால் இடுப்பெலும்பின் அடர்த்தி முதலில் குறையத்தான் செய்யும்.