கவிழ்த்த பாத்திரம்: பர்மிய அரசியலில் ஒரு விநய விதி

2007 செப்டம்பரில் ரங்கூன் தெருக்களில் நடந்த பிக்குகளின் ஊர்வலப் படங்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். மழைத் தண்ணீரில் வெறுங்கால், செங்காவி வரிசை, இரு பக்கமும் கைகோத்து அரண் கட்டிய மக்கள். சில பிக்குகள் கையில் பிச்சைப் பாத்திரம் தலைகீழாக இருந்தது. எதிர்ப்பைக் காட்டுவதற்காக யாரோ அன்று கண்டுபிடித்த அடையாளம் அல்ல அது. பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தில் முறைப்படி வகுத்திருக்கும் ஒரு சங்கக் கருமம், அதாவது பிக்கு சங்கம் கூடி எடுக்கும் நடவடிக்கை. பாலியில் பத்தநிக்குஜ்ஜன கம்மம், அதாவது பாத்திரம் கவிழ்த்தல். பௌத்த நெறி ஒரு நாட்டின் அரசியலில் எங்கே நிற்க முடியும் என்பதை எந்த அரசியல் சாசனப் பிரிவையும்விட இந்த ஒரு விதி தெளிவாகக் காட்டுகிறது என்பது என் எண்ணம்.

விதி பிறந்த கதை வைசாலியில் நடக்கிறது. மேத்தியர், பும்மஜகர் என்ற பிக்குகளின் கூட்டத்துக்கு தப்ப மல்லபுத்திரர் என்ற பிக்குவின் மேல் பழைய பகை. அவர்கள் தூண்டிவிட, வட்டன் என்ற லிச்சவி குலத்து இல்லறத்தான், தப்பர் தன் மனைவியிடம் தவறாக நடந்ததாகப் புத்தரிடம் போய்ப் பொய் சொல்கிறான். புத்தர் சங்கத்தைக் கூட்டுகிறார். தப்பரை எல்லோர் முன்னிலையிலும் விசாரிக்கிறார். குற்றச்சாட்டு பொய் என்று தெரிந்ததும் வட்டனுக்கு எதிராகப் பாத்திரத்தைக் கவிழ்க்கச் சொல்கிறார். அடி இல்லை, அபராதம் இல்லை, ஊர்விலக்கு இல்லை. அவன் கையிலிருந்து எந்தப் பிக்குவும் எதையும் வாங்க மாட்டார், அவ்வளவுதான். புத்தரின் சீடர் ஆனந்தர் போய்ச் செய்தி சொன்னதும் வட்டன் மயங்கி விழுகிறான்.

எட்டுக் காரணங்களுக்காக மட்டுமே பாத்திரத்தைக் கவிழ்க்கலாம். பிக்குகளுக்குக் கிடைப்பது கிடைக்காமல் செய்ய முயல்வது, அவர்களுக்குத் தீங்கு செய்ய முயல்வது, குடியிருக்க முடியாமல் விரட்ட முயல்வது, அவர்களைத் திட்டி இழிவுபடுத்துவது, பிக்குகளுக்குள் பிளவை மூட்டுவது, பிறகு புத்தரை, தம்மத்தை, சங்கத்தைப் பழித்துப் பேசுவது. எட்டும் சேர வேண்டியதில்லை, ஒன்று இருந்தாலே போதும் என்கிறது பழைய உரை. இந்தப் பட்டியலில் விலைவாசி இல்லை, தேர்தல் இல்லை, வேற்று மதமும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

செய்முறையும் கறாரானது. குறைந்தது நான்கு பிக்குகள் வேண்டும். முறைப்படி எல்லை குறித்த இடமான சீமைக்குள், ஒருவருக்கொருவர் கைக்கெட்டும் தூரத்தில், அதாவது இரண்டரை முழத்துக்குள் உட்கார வேண்டும். அந்தச் சீமைக்குள் இருக்கும் ஒவ்வொரு பிக்குவும் வர வேண்டும். வர முடியாத நோயாளி தன் சம்மதத்தை இன்னொருவர் மூலம் சொல்லி அனுப்ப வேண்டும். தகுதியுள்ள ஒரு பிக்கு முதலில் தீர்மானத்தை முன்வைப்பார், பிறகு ஒரு முறை அறிவிப்பார். சம்மதிப்பவர் பேசாமல் இருப்பார், மறுப்பவர் வாய் திறப்பார். ஒருவர் மறுத்தாலும் கருமம் நிறைவேறாது. பெரும்பான்மை, சிறுபான்மை என்ற கணக்கே இங்கு இல்லை.

கெட்டுப்போவது பெரும்பாலும் சீமையில்தான். சீமை பெரிதாக இருந்தால் எங்கோ ஒரு மூலையில் விஷயம் தெரியாமல் நடந்துபோகும் ஒரு பிக்குவால் முழுக் கருமமும் செல்லாததாகிவிடும். அதனால்தான் பர்மிய மடங்களில் எல்லைக்கல் நட்ட சிறிய சீமை மண்டபம் தனியாக இருக்கும். அதுவும் இல்லையென்றால் ஆற்றுக்குப் போவார்கள். ஆற்று நீரில், கையால் தண்ணீர் தெளித்தால் எட்டும் தூரமே எல்லை என்று விநயம் இடம் கொடுக்கிறது. கருமம் முடிந்ததும் ‘இன்னார் வீட்டில் பிச்சை வாங்காதீர்கள்’ என்று மற்ற விகாரைகளுக்கும் சொல்லி அனுப்ப வேண்டும். எதிராளி நேரில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இந்த விதியில் என்னை மிகவும் ஈர்ப்பது அதன் பின்பாதிதான். கவிழ்த்ததை நிமிர்த்தும் வழியும் அதிலேயே எழுதியிருக்கிறது. வட்டன் ஈரத் துணியோடும் ஈரத் தலையோடும், மனைவி மக்களையும் உறவினரையும் கூட்டிக்கொண்டு வந்து, புத்தரின் காலில் தலை வைத்துத் தன் தவற்றை ஒப்புக்கொள்கிறான். இனி அந்த எட்டில் எதையும் செய்வதில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டான். சங்கத்திடம் வேண்டிக்கொள்கிறான். சங்கம் மறுபடி கூடி, அதே தீர்மானம், அதே ஒரு அறிவிப்பு என்ற முறையில் பாத்திரத்தை நிமிர்த்துகிறது. எதிராளி திரும்பி வருவதற்கு வழி வைத்துத்தான் விலக்கியிருக்கிறார்கள்.

பிச்சை வாங்காவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றலாம். பர்மிய வாழ்க்கையைத் தெரிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. பையனுக்குச் சாமணேரத் துறவு (இளம் துறவு) கொடுக்க, புது வீட்டில் காப்புக்கான பரித்தம் ஓத, சாவு வீட்டில் இறந்தவர் பேரில் புண்ணியம் பகிர, எல்லாவற்றுக்கும் பிக்கு வர வேண்டும், கொடுப்பதை வாங்க வேண்டும். நாட்டை ஆண்ட ராணுவத் தளபதிகளுக்கோ தானம் இன்னும் பெரிய விஷயம். வாக்குகளால் கிடைக்காத தகுதியைப் பகோடாவுக்குக் குடை ஏற்றியும், மூத்த சயாடோக்களுக்கு (மடத் தலைவர்களுக்கு) காவித்துணி கொடுத்தும் தேடிக்கொண்டார்கள். அரசுப் பத்திரிகைகளின் பக்கங்கள் அந்தப் படங்களால் நிறைந்தன. வாங்கும் கை பின்வாங்கினால் அந்தத் தகுதிக்கும் இடமில்லாமல் போகிறது.

1990 ஆகஸ்ட் 8 அன்று, ஆட்சிக்கு எதிரான 1988 மக்கள் எழுச்சியின் இரண்டாம் ஆண்டு நிறைவில், மாண்டலேயில் பிக்குகளும் மாணவர்களும் கூடிய இடத்தில் ராணுவம் சுட்டது. அந்த மாத இறுதியில் மாண்டலே சங்கம் ராணுவத்தினருக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் எதிராகப் பாத்திரத்தைக் கவிழ்த்தது. அது மற்ற ஊர்களுக்கும் பரவியது. அக்டோபரில் ஆட்சியாளர்கள் பதில் கொடுத்தார்கள். அங்கீகாரம் பெற்ற ஒன்பது பிரிவுகளைத் தவிர வேறு சங்க அமைப்புகள் கூடாது என்று 6/90 ஆணை. மீறும் பிக்குகளைத் தண்டிக்க ராணுவத் தளபதிகளுக்கு அதிகாரம் தரும் 7/90 ஆணை. மாண்டலேயில் மடங்களுக்குள் சோதனை, கைது. மாத முடிவில் இவற்றை நிலைப்படுத்த 20/90 என்ற சங்க அமைப்புச் சட்டம்.

2007-இல் தொடக்கம் எரிபொருள். ஆகஸ்ட் 15 அன்று முன்னறிவிப்பில்லாமல் டீசல் கேலன் 1500 கியாத்திலிருந்து 3000 ஆனது, பெட்ரோல் 2500 ஆனது, பேருந்துகள் ஓடும் எரிவாயு ஐந்து மடங்கு ஏறியது. செப்டம்பர் 5 அன்று பக்கொக்குவில் ஊர்வலம் போன பிக்குகளை ராணுவத்தினர் அடித்தார்கள். அகில பர்மா பிக்குகள் கூட்டணி செப்டம்பர் 17 வரை கெடு வைத்தது. கோரிக்கைகள் நான்கு: சங்கத்திடம் மன்னிப்பு, விலைக் குறைப்பு, ஆங் சான் சூச்சி உள்ளிட்ட அரசியல் கைதிகளின் விடுதலை, ஜனநாயக சக்திகளோடு பேச்சுவார்த்தை. மன்னிப்பு வரவில்லை. 18-ஆம் தேதி பாத்திரம் கவிழ்ந்தது. ஊர்வலங்களில் பிக்குகள் ஓதியது மெத்த சூத்திரம், எல்லா உயிரும் இன்புறுக என்ற பத்துப் பாடல்கள். தானத்தை மறுத்த அதே ஆட்களையும் சேர்த்துத்தான் வாழ்த்தினார்கள். 26-ஆம் தேதி ரங்கூனின் ஷ்வேடகோன் பகோடா வாசலில் தடியடியும் கண்ணீர்ப் புகையும். அன்றிரவும் மறுநாள் விடியற்காலையும் மடங்களுக்குள் புகுந்து பிக்குகளை இழுத்துப் போனார்கள்.

இப்போது அந்த எட்டுக் காரணங்களுக்கு வருவோம். விநயக் கண்ணால் பார்த்தால் நான்கு கோரிக்கைகளில் முதலாவதுக்குத்தான் நேரடி ஆதாரம் உண்டு. பக்கொக்குவில் நடந்தது பிக்குகளுக்குச் செய்த தீங்கு, அதற்குக் கேட்டது மன்னிப்பு. எரிபொருள் விலை எட்டில் எதிலும் அடங்காது. அதற்காக அது தம்மத்துக்கு வெளியே உள்ள விஷயம் என்று சொல்லிவிட முடியாது. ஏழைகளுக்குப் பொருள் கிடைக்காதபோது வறுமை பெருகி, வறுமையால் திருட்டு, திருட்டால் ஆயுதம், ஆயுதத்தால் கொலை என்று தீமை வளர்வதைச் சக்கவத்தி சீகநாத சூத்திரம் படிப்படியாகச் சொல்கிறது. கூடதந்த சூத்திரமோ கலகத்தைத் தண்டனையால் அடக்க முடியாது, உழவனுக்கு விதையும் வணிகனுக்கு முதலும் அரசு ஊழியனுக்குச் சம்பளமும் கொடு என்று மன்னனுக்கு ஆலோசனை சொல்கிறது. ஆக விலைவாசியைப் பற்றிப் பேச பிக்குவுக்குச் சூத்திர ஆதாரம் தாராளமாக இருக்கிறது. ஆனால் அது போதனையாகச் சொல்ல வேண்டியது. பாத்திரத்தை நிமிர்த்தும் நிபந்தனையாக அதை வைத்தபோது, ஒரு மன்னிப்பில் முடிய வேண்டிய கருமத்துக்கு ஆட்சி மாற்றம் வரை முடிவில்லாமல் போயிற்று. அடிபட்டவர்கள் மேல் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. விதியின் பலம் அதன் எல்லையில் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நாடு முழுவதற்கும் ஒரே சீமை என்று எதுவும் கிடையாது. ஒரு கூட்டணி அறிவித்துவிட்டால் நாட்டில் உள்ள எல்லாப் பிக்குகளின் பாத்திரமும் தானாகக் கவிழ்ந்துவிடாது, ஒவ்வொரு மடமும் தன் சீமையில் கூட வேண்டும். அரசோ 1980-இலேயே மூத்த பிக்குகளைக் கொண்ட மகாநாயகக் குழுவை அமைத்து எல்லா மடங்களையும் அதன் கீழ் கொண்டுவந்திருந்தது. பிக்குகள் உலக விஷயங்களில் தலையிட வேண்டாம் என்று 2007-இலும் அந்தக் குழுவின் வாயாலேயே சொல்ல வைத்தது. சிறையில் காவியைக் கழற்றி லுங்கி கட்டிவிட்டு ‘இவர் இனி பிக்கு இல்லை’ என்றார்கள். விநயத்தில் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. தானாக மனமுவந்து துறவை விட்டால், அல்லது நான்கு பாராஜிகக் குற்றங்களில் ஒன்றைச் செய்தால் மட்டுமே பிக்குத்தன்மை போகும். சிறைக்காவலர் துணி மாற்றுவதால் போகாது.

எதிர்ப்பக்கம், பௌத்தத்தை அரசின் கையில் கொடுத்துக் காப்பாற்ற நினைத்தவர்களின் வரலாறும் பர்மாவிலேயே இருக்கிறது. பிரதமர் ஊ நூ ஆழ்ந்த பக்தர், நேர்மையாளர். 1961 ஆகஸ்டில் பௌத்தத்தை அரச மதமாக்கினார். கிறித்தவர்கள் அதிகமாக உள்ள கச்சின் பகுதியில் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த மனக்கசப்புக்கு அது எண்ணெய் ஊற்றியது. மற்ற மதங்களுக்குப் பாதுகாப்புத் தரும் திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்ததும் பிக்குகளில் ஒரு பகுதியினர் அவர் மேலேயே கோபப்பட்டார்கள். 1962 மார்ச் 2 அன்று ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார்.

2008 அரசியல் சாசனம் வேறு வழியில் போனது. பிரிவு 361 பௌத்தத்துக்குச் சிறப்பு நிலை தருகிறது. 364 அரசியலுக்காக மதத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. 392 துறவிகளுக்கு வாக்கு இல்லை என்கிறது. தெருவில் நடக்கும் பிக்கு 364-இல் மாட்டிக்கொள்வார், பகோடாவில் கேமரா முன் தானம் கொடுக்கும் தளபதி மாட்டமாட்டார்.

பிக்குகள் அரசிடம் சட்டம் கேட்டு வாங்கிய சந்தர்ப்பம் 2015. மா-பா-தா என்ற பௌத்த தேசியவாதப் பிக்குகள் அமைப்பின் அழுத்தத்தில் இனம், மதம் காப்பதற்கென்று நான்கு சட்டங்கள் வந்தன: மக்கள்தொகைக் கட்டுப்பாடு, மதமாற்றம், பௌத்தப் பெண்கள் பிற மதத்தாரை மணப்பது, ஒருதார மணம். முஸ்லிம்களை மனதில் வைத்து எழுதியவை என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. பிக்குகளுக்கு எதிரான தீங்குக்காகப் பாத்திரத்தைக் கவிழ்ப்பதற்கும், பக்கத்து வீட்டுக்காரனின் திருமணத்தைப் பதிவாளர் கண்காணிக்க வைப்பதற்கும் இடையில் உள்ள தூரம் மிகப் பெரியது. முதலாவதில் பிக்கு தன் உணவை இழக்கத் தயாராகிறார். இரண்டாவதில் அவர் இழப்பது எதுவுமில்லை.

தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு கதை இங்கே குறுக்கிடுகிறது. 2017 அக்டோபர் இறுதியில், ரோகிங்கியாக்கள் லட்சக்கணக்கில் வங்கதேசத்துக்குத் தப்பி ஓடிக்கொண்டிருந்தபோது, கயின் மாநிலத்தில் ராணுவ அதிகாரிகள் முன்னால் சீதகு சயாடோ ஓர் உபதேசம் செய்தார். எல்லாளனை வென்ற துட்டகைமுனு, இத்தனை பேரைக் கொன்றோமே என்று வருந்தியபோது எட்டு அரகந்தர்கள் (முழு விடுதலை அடைந்த துறவிகள்) வந்து, நீ கொன்றது ஒன்றரை மனிதர்தான் என்று ஆறுதல் சொன்ன மகாவம்சக் கதையை எடுத்துச் சொன்னார். ஐந்து சீலம் காத்தவன் ஒருவன் முழு ஆள், சரணம் மட்டும் புகுந்தவன் இன்னொருவன் அரை ஆள், கூட்டினால் ஒன்றரை, மற்றவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். மகாவம்சம் வரலாற்று நூல், பிடகம் அல்ல. விநயத்தின் மூன்றாம் பாராஜிகம் மனித உயிரைக் கொல்வதைப் பற்றிப் பேசும்போது செத்தவனின் மதத்தைக் கேட்பதில்லை. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் முன் ஒரு பிக்கு எந்த நூலைத் திறக்கிறார் என்பது சின்ன விஷயம் அல்ல.

2021 பிப்ரவரி ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு மாண்டலேயில் பிக்குகள் மறுபடி தெருவில் இறங்கினார்கள். ஆனால் 2007 போல நாடளாவிய கவிழ்ப்பு உருவாகவில்லை. ரோகிங்கியா விஷயத்தில் ராணுவத்தின் பக்கம் சாய்ந்திருந்த சங்கத்தின் ஒரு பெரும்பகுதி, இப்போது அதே ராணுவம் தன் சொந்த மக்களைச் சுடும்போது ஒரே குரலில் பேசும் நிலையில் இல்லை. ஒருவர் மறுத்தாலே நின்றுவிடும் கருமத்துக்கு இந்தப் பிளவைவிடப் பெரிய தடை தேவையில்லை. 2023 ஆகஸ்ட் 1 அன்று நேப்பிடோவில், ஆட்சியைக் கவிழ்த்த ராணுவத் தலைவர் மின் ஆங் லைங் மாரவிஜயப் புத்தர் என்ற பிரம்மாண்டப் பளிங்குச் சிலையைத் திறந்துவைத்தார். மூத்த சயாடோக்கள் வரிசையில் அமர்ந்து அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள்.