737 சிம் தேர்வு: த்ரஸ்ட் லீவரைத் துரத்தாதீர்கள்

செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல் வந்தது. விமானி வேலைக்குத் தேர்வாகிவிட்டேன். போன வருஷம் இதே சிம் (சிமுலேட்டர், அதாவது விமானத்தைப் போலவே இயங்கும் பயிற்சி இயந்திரம்) கட்டத்தில் தோற்றுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பி வந்தவன் நான். அதனால் எல்லாம் மனதில் பசுமையாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். எழுத்துத் தேர்வைப் பற்றியும் நேர்காணலைப் பற்றியும் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானத்தில் 200 மணி நேரம் பறந்துவிட்டு ஜெட் சிம்முக்குள் உட்காருகிறவனிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை.

என்னைக் கவிழ்த்தது ஐஎல்எஸ், அதாவது ரேடியோ சமிக்ஞையைப் பின்பற்றி ஓடுபாதைக்கு இறங்குவது. ஆட்டோபைலட், ஆட்டோத்ராட்டில், ஃப்ளைட் டைரக்டர் என்று எந்தத் தானியங்கி உதவியும் கிடையாது. கிளைடு ஸ்லோப்புக்கு (சரியான இறக்கப் பாதைக்கு) அரை டாட் (கருவியில் உள்ள விலகல் புள்ளி) கீழே போனதும் த்ரஸ்ட் லீவரை, அதாவது இன்ஜின் உந்துவிசைக் கைப்பிடியை, தாராளமாகத் தள்ளினேன். ஜெட் இன்ஜின் சுழன்று ஏறச் சில நொடிகள் எடுக்கும். ஒன்றும் நடக்கவில்லையே என்று மறுபடியும் தள்ளினேன். 737-க்கு இன்ஜின் இறக்கைக்குக் கீழே இருப்பதால் த்ரஸ்ட் ஏறும்போது மூக்கும் தூக்கும். எல்லாம் சேர்ந்து வந்தபோது ஒரு டாட் மேலே நின்றேன். பயந்துபோய் ஐடிலுக்கு (மிகக் குறைந்த விசைக்கு) இழுத்தேன். வேகம் விழுந்தது. 1,000 அடியில் எதுவுமே நிலையாக இல்லை. அப்போதாவது 'கோ அரவுண்ட்' (இறங்காமல் மறுபடி மேலே ஏறுகிறேன்) சொல்லியிருக்க வேண்டும். சமாளித்துவிடலாம் என்று மல்லுக்கட்டினேன். அதோடு முடிந்தது.

எனவே முதலும் முக்கியமுமாக: பிட்ச் (மூக்கின் கோணம்), பவர் (இன்ஜின் விசை) எண்கள். மற்றதெல்லாம் அப்புறம். நான் பீரோவில் ஒட்டிவைத்திருந்தவை இவை. எடையைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். உங்களுக்கு அனுப்பும் பிரீஃபிங் தாளில் எண்கள் இருந்தால் அவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள்.

- 250 நாட் (விமான வேக அலகு), ஃப்ளாப் (இறக்கை மடல்) இல்லாமல், சமமட்டம்: 5 டிகிரி, என்1 (இன்ஜின் விசிறியின் சுழற்சி வேகம்) சுமார் 60%
- 180 நாட், ஃப்ளாப் 5: 6 டிகிரி, சுமார் 60%
- ஐஎல்எஸ், கியர் (சக்கரங்கள்) கீழே, ஃப்ளாப் 30: 2.5 டிகிரி, சுமார் 55%

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். எண்ணை வை, ட்ரிம் பண்ணு (கை விட்டாலும் அப்படியே நிற்கும்படி சமன்செய்), காத்திரு. திருத்தம் தேவைப்பட்டால் பிட்ச்சில் அரை டிகிரி, என்1-இல் 2%. அதன் பிறகு மனசுக்குள் ஐந்து எண்ணும் வரை லீவரைத் தொடக் கூடாது. இந்த ஐந்து நொடிதான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

காக்பிட் போஸ்டரைச் சுவரில் ஒட்டி, முன்னால் பிரம்பு நாற்காலி போட்டு, மூன்று வாரம் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். தங்கச்சி போனைப் பார்த்து ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) மாதிரி வாசிப்பாள். ஆச்சி ஹோல்டிங்குக்கு (காத்திருந்து வட்டமடிப்பதற்கு) நிமிஷம் பார்ப்பாள். "ஏலே, ஒரு நிமிஷம் ஆயிட்டு, திரும்பு" என்பாள். நான் இயல்பிலேயே வாய் திறக்காதவன். சிம்முக்குள் அது பெரிய குறை. பக்கத்து சீட்டில் இருப்பவரும் தேர்வுக்கு வந்தவர்தான். என்ன செய்யப்போகிறோம் என்று அவருக்குச் சொல்ல வேண்டும், வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும், அவர் பறக்கும்போது நாம் உதவ வேண்டும். அதனால் வீட்டில் எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லியே பழகினேன். கலகலப்பாகப் பேசுகிறவர்களுக்கு இது தேவைப்படாமல் இருக்கலாம்.

காற்று. ஆனி, ஆடியில் பணகுடியிலிருந்து காவல்கிணறு வரை பைக் ஓட்டியவர்களுக்கு இது கைக்கே தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது வண்டியைக் காற்றுப் பக்கம் சாய்த்துப் பிடித்தபடியே நேராகப் போவோம். லோக்கலைசரிலும் (ஐஎல்எஸ்-இல் ஓடுபாதையின் நேர்கோட்டைக் காட்டும் பகுதி) ஊசியைத் துரத்த வேண்டாம், ஊசியை நடுவில் நிறுத்தும் ஹெடிங்கை (மூக்கு நோக்கும் திசையை) கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். 140 நாட்டில் 14 நாட் குறுக்குக் காற்று என்றால் காற்றுப் பக்கம் 6 டிகிரி. இறங்க இறங்கக் காற்று பெரும்பாலும் குறையும், அந்தத் திருத்தத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குகள், வேகமாக:
- 10,000 அடி இறங்க 30 மைல் (கடல்மைல்)
- 3 டிகிரி இறக்கத்துக்குத் தரைவேகம் பெருக்கல் 5. 140 என்றால் நிமிஷத்துக்கு 700 அடி
- சமமட்டத்தில் 10 நாட் குறைய ஏறக்குறைய 1 மைல். வேகத்தை முன்கூட்டியே குறையுங்கள்
- நிமிஷத்துக்கு 1,000 அடியில் ஏறினால் 100 அடி முன்பே சமன்செய்யத் தொடங்குங்கள்

வி1-க்கு (ஓடுபாதையில் இனி நிறுத்த முடியாது, ஏறியே ஆக வேண்டும் என்ற வேகத்துக்கு) பிறகு ஒரு இன்ஜின் நின்றால் முதலில் ரட்டர் (வாலில் உள்ள திசைமாற்றி), மூக்கு நேராக இருக்கட்டும். 400 அடி வரை வேறு எதற்கும் அவசரம் இல்லை.

சிம் வாடகைக்குக் காசு செலவழிப்பதாக இருந்தால், எண்கள் மனப்பாடமான பிறகு 2 மணி நேரம் போதும். நான் முதல் முறை அதற்கு முன்பே எடுத்து அத்தனை பணத்தையும் வீணாக்கினேன், அப்பா கடன் வாங்கிக் கொடுத்த பணம்.

ஒரு நாள் முன்பே தேர்வு நடக்கும் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுங்கள். போன முறை நெல்லை எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் தூங்காமல் போய், சென்னையில் விமானம் பிடித்து, இறங்கிய கையோடு சிம்முக்குப் போனேன். இந்த முறை முந்தின நாள் மதியமே போய்ச் சேர்ந்து, ஒன்பது மணிக்குப் படுத்துவிட்டேன்.

பீரோவில் இருந்த தாளை இன்று கிழிக்காமல் உரித்து எடுத்தேன். திசையன்விளையிலிருந்து ஒரு பையனுக்கு அடுத்த மாதம் சிம். ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொள்ள வருகிறான், போஸ்டரையும் நாற்காலியையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.