ஆரு மனே இது?

மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலையில் கடல் ஊருக்குள் வந்தபோது அம்மாவும் தம்பியும் பக்கத்து மாடிவீட்டில் ஏறித் தப்பினார்கள். தகரப் பெட்டிக்குள் சேலைத் துண்டில் சுற்றி வைத்திருந்த படங்கள் போய்விட்டன. அவையும் 1978 நவம்பர் சூறாவளியில் அம்மம்மா வீட்டுக் கூரை பறந்தபின், மழையில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போன படங்களில் உரித்தெடுக்க முடிந்த மிச்சந்தான். கடல் வந்த அந்த நாளில் நான் ரொறன்ரோவுக்கு வந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பாவின் முகம் என்று என்னிடம் இருந்தது அவருடைய அடையாள அட்டையின் போட்டோப் பிரதி ஒன்று மட்டுமே. அதில் நெற்றியும் மூக்கும் தெரியும், கண்கள் இரண்டும் கரிப்பொட்டுகள்.

நாங்கள் அந்நாட்களில் நகரின் மேற்கே, எக்ளின்டன் வீதியில் கொடாக் நிறுவனத்தின் பெரிய தொழிற்சாலைக்கு அருகே, ஒரு பேஸ்மென்ற்றில் குடியிருந்தோம். கமெராவுக்கான படச்சுருளும் படத்தாளும் பல பத்தாண்டுகளாகச் செய்துவந்த அந்தத் தொழிற்சாலையை 2005இல் மூடினார்கள். அந்த ஆண்டின் வசந்தத்தில்தான், வேலைக்குப் போட பழைய சப்பாத்து வாங்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனேன். கதவுப் பிடிகளுக்கும் கரண்டிகளுக்கும் நடுவே ஒரு சப்பாத்துப் பெட்டி இருந்தது. உள்ளே சப்பாத்து இல்லை, மனிதர்கள் இருந்தார்கள். பழைய புகைப்படத் தபாலட்டைகள், ஓர் அட்டை இரண்டு டொலர்.

நான் முதலில் எடுத்த அட்டை இன்னும் என்னிடம் உண்டு. மரப்படிகளில் ஒரு பெண், அவளுக்கு இருபுறமும் இரண்டு சிறுவர்கள். இடப்பக்கத்தான் அசைந்துவிட்டதால் அவனுக்கு மூக்கு இரண்டாகத் தெரிகிறது. வலப்பக்கத்தானின் காலுறை ஒன்று கணுக்காலுக்கு வழுக்கியிருக்கிறது. பெண்ணின் கை அந்தக் காலுறையை இழுத்துவிடப் பாதிவழி போய், படம் எடுக்கிறார்கள் என்று நினைவு வந்து அப்படியே நின்றிருக்கிறது. ஆறு ஆண்டுகளாக அந்த நாட்டில் வாழ்ந்தும் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுப் படியிலும் நான் அதுவரை கால் வைத்திருக்கவில்லை. பின்புறத்தைத் திருப்பினேன். முகவரியும் இல்லை, பெயரும் இல்லை.

இவை அச்சகத்தில் மை பூசி அடித்த அட்டைகள் அல்ல. 1903இல் கொடாக் விற்பனைக்கு விட்ட 3ஏ என்ற மடிப்புக் கமெரா, மூன்றேகால் அங்குலத்துக்கு ஐந்தரை அங்குலம் என்ற தபாலட்டை அளவிலேயே எதிர்ப்படத்தை, அதாவது நெகட்டிவை, தந்தது. அதைப் படத்தாளின்மேல் நேரே வைத்து ஒளி காட்டினால், பின்புறத்தில் தபாலட்டைக் கோடுகள் அச்சிட்ட புகைப்படம் ஒன்று கையில் இருக்கும். பெரிதாக்கும் வேலை இல்லாததால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும்போது சட்டைப் பொத்தானின் நூல்கூடத் தெரியும். அச்சடித்த அட்டையிலோ புள்ளிகள்தான் தெரியும். காலத்தை அறிய முத்திரை ஒட்டும் கட்டத்தைப் பார்க்க வேண்டும். ‘அசோ’ என்ற தாளில் நான்கு மூலையிலும் உள்ள முக்கோணங்கள் நான்கும் மேல்நோக்கி இருந்தால் 1904க்கும் 1918க்கும் இடைப்பட்டது. இரண்டு மேலும் இரண்டு கீழும் நோக்கினால் அதற்குப் பிற்பட்டது என்பது சேகரிப்போர் கணக்கு. என் படிக்கட்டுப் பெண்ணுக்கு நான்கும் மேல்நோக்கியவை.

ஆங்கிலக் கையெழுத்தை வாசிக்க நான் பழகியதும் இந்த அட்டைகளில்தான். ஒருத்தி தன் தங்கைக்குப் பல்வலி குறைந்துவிட்டதென்றும் பனியினால் சனிக்கிழமை வர முடியாதென்றும் எழுதியிருந்தாள். முத்திரை ஒரு சதத்துக்குப் பதில் இரண்டு சதமாக இருந்தது ஏன் என்று தேடியபோதுதான், 1915 ஏப்ரல் முதல் கனடாவில் தபாலுக்கு ஒரு சதம் யுத்த வரி கூட்டினார்கள் என்பது தெரிந்தது. என் மனைவிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஊருக்கு அனுப்ப வேண்டிய காசில் ‘ஆர்ரயோ பேரன் பேத்திய வாங்கி அடுக்குறார்’ என்று தொலைபேசியில் தன் தாயாரிடம் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். அவர் சொன்னதில் பிழையில்லை.

1914 முதல் கொடாக் கமெராக்களில் முதுகுப்புறம் ஒரு சிறு சாளரம் வைத்தார்கள். அதைத் திறந்து ஓர் ஊசிமுனைக் கோலால் எழுதினால், எழுத்து படச்சுருளிலேயே பதிந்து, படத்தின் விளிம்பில் வெள்ளையாக வரும். அப்படி ஒன்று என்னிடம் இருக்கிறது. வைக்கோற்போரின் முன்னே ஐந்து ஆண்கள். விளிம்பில் ‘வைக்கோல், ஆகஸ்ட் 1916’. கோலும் சாளரமும் கையில் இருந்தும் வைக்கோலின் பெயரைத்தான் எழுதியிருக்கிறார். எழுதியவருக்கு அந்த ஐவரையும் மறப்போம் என்ற எண்ணமே வந்திருக்காது.

ஒரு கண்காட்சியில் ‘சிலோன்’ என்று எழுதிய பெட்டியும் இருந்தது. அதிலிருந்த ஓர் அட்டையில் எங்கள் ஊர்ச் சந்தையில் பார்த்தது போன்ற முகத்துடன் ஒரு பெண்பிள்ளை, காதில் தோடு, கையில் குடம்; கீழே ஆங்கிலத்தில் ‘தமிழ்ச் சிறுமி’. பூதக்கண்ணாடியில் அவள் முகம் புள்ளி புள்ளியாய்ச் சிதறியது. ஆயிரக்கணக்கில் அடித்து விற்றிருப்பார்கள். கேட்ட விலை இருபத்தைந்து டொலர். படிக்கட்டுப் பெண்ணின் பெயரை அவள் வீட்டார் எழுத மறந்தார்கள். இவளிடம் யாரும் கேட்கவே இல்லை. பேரம் பேசாமல் வாங்கினேன்.

பிறகொரு விடுமுறையில் ஆரையம்பதிக்குப் பெரியம்மாவைப் பார்க்கப் போனபோது, நாற்பது அட்டைகளை ஒரு சிறு அல்பத்தில் கொண்டுபோனேன். முற்றத்து மாமர நிழலில் பாயை விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

“ஆரு மனே இது?”

“தெரியாது பெரியம்மா.”

“எந்த ஊராக்கள்?”

“அதுவும் தெரியாது.”

“மறுகா என்னத்துக்கு வாங்கின நீ?”

மட்டக்களப்பில் அறிமுகமில்லாத ஒருவரைப் பார்த்தால் ஊரைக் கேட்போம், அடுத்ததாகக் குடியைக் கேட்போம். தாய்வழியில் வரும் குடி தெரிந்துவிட்டால், எந்தக் கோயிலில் யாருக்கு என்ன உரிமை, யாருக்கு யார் மச்சான் என்பதுவரை ஆளைப் பொருத்திவிடலாம். பெரியம்மாவுக்கு இந்த வெள்ளைக்காரரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆனாலும் விடவில்லை. படிக்கட்டுப் பெண்ணைத் தாய் என்றார். வயதைப் பார்த்து மாற்றி, தாயின் தங்கச்சி என்றார். “தாயெண்டா காலுறைய முதல்லயே இழுத்து உட்டிருப்பா.” பதினைந்து ஆண்டுகளாக அந்த அட்டையை வைத்திருந்த எனக்கு அது தோன்றவில்லை.

பிறகு எழுந்துபோய் அலுமாரியிலிருந்து ஒரு படத்தைக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டுப் படங்களில் எஞ்சியது அது ஒன்றுதான். பெரியம்மாவின் கலியாணத்துக்கு முந்திய கிழமை, பட்டினத்து ஸ்ரூடியோவில் நான்கு பெண்கள் நின்று எடுத்தது. பின்புறம் வெறுமை. நான் மென்மையான பென்சிலை எடுத்து, படத்தைக் குப்புற வைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பேனா மை நாளடைவில் முன்புறம் ஊறிவரும். பெரியம்மா, அம்மா, குருக்கள்மடத்து மச்சாள். நான்காவது பெண்ணில் விரலை வைத்து நெடுநேரம் இருந்தார். அயல்வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார், அவருக்கும் தெரியவில்லை. தாழங்குடாவில் ஒருவருக்குத் தெரியும் என்றார்கள். ஆட்டோ பிடித்துப் போய்க் கேட்டோம். அவருடைய கண் மங்கிவிட்டிருந்தது.

திரும்பி வரும் வழியில் பெரியம்மா சொன்னதைத்தான் அன்றிரவு பென்சிலால் எழுதி வைத்தேன்: ‘நான்காவது பெண், பெயர் தெரியவில்லை. பச்சைச் சேலை. அது பெரியம்மாவினுடையது, அன்றைக்கு இரவல் கொடுத்தது.’