சுக்குவின் கழுத்து 15 இஞ்ச்

எங்கள் நாய் சுக்குவுக்குப் போன நவம்பரில் கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் டாக்டர் பாடு, அது ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் 12 நாள் அவள் வாயையும் அவள் வயிற்றுத் தையலையும் சந்திக்க விடாமல் வைத்திருந்தது எங்கள் பாடு. நான் கோத்தகிரியில் வீட்டுத் திண்ணையை மறித்துக் கட்டிய சின்னக் கடையில் தையல் வேலை பார்க்கிறவள். பதினாறு வருஷமாகக் கழுத்தளவு எடுத்துத்தான் சோறு. அப்படிப்பட்ட நானே என் நாய்க்கு அளவு எடுக்காமல் காலர் வாங்கி ஏமாந்தேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சுக்கு நாட்டு நாய். சுக்கு நிறம், ஏழு வயசு, 18 கிலோ, மூஞ்சி கொஞ்சம் நீளம். குட்டி போடாமல் பார்த்துக்கொண்டோமே தவிர கருத்தடை பண்ணவில்லை, அது சோம்பேறித்தனம்தான், வேறு சாக்கு சொல்ல மாட்டேன். தீபாவளி முடிந்த கையோடு தண்ணீர் தண்ணீராகக் குடித்தாள், வாசலுக்கு ஓடி ஓடி மூத்திரம் போனாள், சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். பட்டாசுக்குப் பயந்திருப்பாள் என்று இரண்டு நாள் விட்டுவிட்டோம். குன்னூரில் டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு பயோமெட்ரா என்றார், கர்ப்பப்பைக்குள் சீழ். பெட்டை நாய் பருவத்துக்கு வந்து போன ஒன்றிரண்டு மாசத்தில், ஹார்மோனால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்திருக்கும்போது கிருமி நுழைந்து தங்கினால் இப்படி ஆகுமாம், கருத்தடை செய்யாமல் வயசு ஏறிய நாய்களுக்கு இது அடிக்கடி வருகிற சீக்காம். தள்ளிப்போட்டால் உயிர் போய்விடும் என்றார். அன்றைக்கே அறுத்து எடுத்தார்.

சாயங்காலம் என் மடியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கழுத்தில் கிளினிக்கில் மாட்டிவிட்ட பிளாஸ்டிக் புனல். தையல் பிரிக்கும்வரை, அதாவது பத்து முதல் பதினாலு நாள்வரை, கழற்றவே கூடாது என்று டாக்டர் இரண்டு தரம் சொன்னார். இந்தப் புனலுக்கு எலிசபெதன் காலர் என்று பெயர். இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் ராணி காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், பெரிய இடத்து ஆட்கள் கழுத்தைச் சுற்றி அணிந்த கஞ்சி போட்ட மடிப்புக் காலரைப் பார்த்து வைத்த பெயராம். அதை யார் தைத்து, யார் இஸ்திரி போட்டார்களோ, புண்ணியவான்கள்.

முதல் ராத்திரி மோசம். மயக்கம் தெளிந்து எழுந்தவள் புனல் விளிம்பு கதவில் இடித்ததும் அப்படியே நின்றுவிட்டாள். நின்றாள் என்றால் சும்மா இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிஷம். எங்களுடையது ஷீட் கூரை, மழை பிடித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, அந்தச் சத்தம் புனலுக்குள் இன்னும் பெரிதாகக் கேட்டிருக்க வேண்டும், ஒவ்வொரு தூறலுக்கும் உடம்பை உதறினாள். குனிந்து தண்ணீர் குடிக்கப் போனால் புனல் தரையில் முட்டி வாய் கிண்ணத்துக்கு எட்டவில்லை. கழுத்தோரம் பிளாஸ்டிக் அறுத்துச் சிவந்திருந்தது. அத்தைக்குப் பொறுக்கவில்லை. “வாயில்லா ஜீவனை இப்படியா வதைக்கிறது? கழட்டி விடு கண்ணு. நாய்க்கு அது எச்சிலே மருந்து.”

எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான். இந்த எச்சில் மருந்து சமாச்சாரத்தை அப்புறம் டாக்டரிடம் கேட்டேன். கிருமியைக் கொஞ்சம் தடுக்கிற சக்தி எச்சிலில் இருப்பது உண்மைதானாம், ஆனால் அதே வாயில் இருக்கிற கிருமிகள் அதைவிட அதிகம், நக்க நக்கப் புண் ஆறாமல் தேய்ந்துகொண்டே இருக்கும், அதற்கும் மேல் நக்கிக்கொண்டே இருக்கிற நாய் கொஞ்ச நேரத்தில் முன்பல்லால் நூலைப் பிடித்து இழுக்கத் தொடங்கிவிடும் என்றார்.

இது முன்னாலேயே தெரிந்திருந்தால் தேவலை. இரண்டாம் நாள் என் வீட்டுக்காரர் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றிக்கொண்டு போனவர், அப்படியே கோயம்புத்தூர் போய் 900 ரூபாய் கொடுத்து வட்டமான காலர் ஒன்று வாங்கி வந்தார். நீச்சல் ட்யூப் மாதிரி ஊதிக் கழுத்தில் மாட்டுவது, மேலே வெல்வெட் உறை. கடைக்காரர் “உங்க நாய் எவ்வளவு கிலோ?” என்று மட்டும் கேட்டாராம். புண் எங்கே என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மாட்டியதும் சுக்கு முகமே மாறிவிட்டது. சாப்பிட்டாள், தண்ணீர் குடித்தாள், அதையே தலையணையாக வைத்துக் கண் மூடினாள். நாங்களும் இரண்டு நாளில் முதல் முறையாக நிம்மதியாகப் படுத்தோம்.

ராத்திரி இரண்டரை மணிக்கு சளக் சளக் என்று சத்தம். குழாய் ஒழுகுகிறதோ என்று விளக்கைப் போட்டால், சுக்கு ஒரு காலைத் தூக்கி, உடம்பை அரிவாள் மாதிரி வளைத்து, அந்த வெல்வெட் ட்யூபை விலாவில் அழுத்திக்கொண்டு அதற்கு அந்தப் பக்கமாக மூஞ்சியை நீட்டி நக்கிக்கொண்டிருக்கிறாள். தோல் தையலில் கீழ்க்கோடியில் இரண்டு இல்லை. விளிம்பு சிவந்து ஈரமாகத் திறந்திருந்தது. கையோடு கையாகப் பிளாஸ்டிக் புனலை மாட்டிவிட்டு விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

காலையில் முதல் வேலையாகக் குன்னூர். நல்லவேளை, உள்ளே தசைச்சுவர்த் தையலும் அதற்கு மேல் போட்ட தையலும் பிடித்திருந்தன, பிரிந்தது வெளித்தோல் மட்டும். மறுபடி இரண்டு போட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. என் வேலையைத் தெரிந்துகொண்டு, “நீங்க டைலர்தானே, இஞ்ச் டேப் இருக்கா?” என்றார். பையில் எப்போதும் இருக்கும். அவளைப் படுக்க வைத்து அளந்து காட்டினார். கழுத்துச் சுற்றளவு 15 இஞ்ச். பெல்ட் போடுகிற இடத்திலிருந்து மூக்கு நுனி வரை 9 இஞ்ச். புனல் கழுத்தில் உட்காரும்போது இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று நுழைந்தால் உருவிக்கொள்வாள், ஒன்றுதான் நுழைந்தால் இறுக்கம். நீளம் மூக்கைத் தாண்டி ஓர் இஞ்ச் போதும். சுக்குவுக்கு மாட்டியிருந்தது 12 இஞ்ச் நீளம், அன்றைக்குக் கிளினிக்கில் கையிருப்பு அதுதான். தரையில் முட்டியதும் கதவில் சிக்கியதும் அந்த இரண்டு இஞ்சால்தான், புனல் என்பதால் இல்லை.

வட்டக் காலர் கழுத்தைத் திருப்ப முடியாமல் செய்கிறது, அவ்வளவுதான், வாயை மூடுவதில்லை. மூஞ்சி குட்டையாக இருக்கிற நாய்க்கு, முதுகிலோ விலாவிலோ புண் என்றால் அது சரிப்படலாம். மூஞ்சி நீண்ட நாய் வயிற்றின் பின்பகுதியை எட்டிவிடும். பாதம், வால் எல்லாம் எந்த நாய்க்கும் எட்டும். ஆக முதலில் பார்க்க வேண்டியது புண் எங்கே, மூக்கு எவ்வளவு தூரம் போகும் என்பது. நான் பார்த்ததோ எது மெத்தென்று இருக்கிறது என்பதை. அது என் கண்ணுக்குச் சுகம், அவள் தையலுக்கு இல்லை.

இதற்கப்புறமாவது சொன்னதைச் செய்திருக்கலாம். தையல்காரி புத்தி விடவில்லை. மெத்தென்றும் இருக்க வேண்டும், புனலாகவும் இருக்க வேண்டும், நானே தைக்கிறேன் என்று உட்கார்ந்தேன். உள்ளே விறைப்புக்கு வைக்கிற பக்ரம் துணி, மேலும் கீழும் பழைய ஃபிளானல், விளிம்பில் பைப்பிங், மூடுவதற்கு வெல்க்ரோ. பார்க்க அழகாக வந்தது, அத்தை கூட “ராணி மாதிரி இருக்கா” என்றார். அன்றைக்கு மத்தியானம்வரை ராணி. கோத்தகிரி நவம்பர் எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வடகிழக்கு மழை ஒரு பக்கம், மழை நின்றால் மூடுபனி. மூத்திரத்துக்கு நாலு தரம் வெளியே போய் வந்ததிலும் தண்ணீர்க் கிண்ணத்தில் விளிம்பு தோய்ந்ததிலும் பக்ரம் ஊறி அப்பளம் மாதிரி நமுத்துவிட்டது. தரையில் வைத்து ஒரு அமுக்கு, காலர் பின்னால் மடிந்தது, மூக்கு வெளியே. இந்த முறை பக்கத்திலேயே இருந்ததால் பிடித்துவிட்டேன். வறண்ட ஊரில், வீட்டுக்குள்ளேயே கிடக்கிற நாய்க்குத் துணிக் காலர் தாங்கலாம். எங்கள் ஊர் ஈரத்துக்கு ஆகாது.

பையனின் பழைய பனியனை வெட்டி உடுப்பும் தைத்தேன். நாலு காலுக்கு நாலு ஓட்டை, வாலுக்கு இடம், பின்பக்கம் நாடா முடிச்சு. குளிருக்கு அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் துணி மேலேயே நக்கி நக்கி நனைத்தாள், நனைந்த பனியன் தையலில் ஒட்டிக்கொண்டு கிடப்பது நக்குவதைவிட மோசம். மாற்றுவதற்கு மூன்று உருப்படி வேண்டும், துவைத்தது காய மூன்று நாள் ஆகிறது, கடைசியில் சட்டை தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியால் நாய் பனியனைக் காய வைத்துக்கொண்டிருந்தேன். கடைக்கு வந்த அக்கா ஒருத்தி “இது எந்தக் குழந்தைக்கு?” என்று கேட்டுவிட்டு, வால் ஓட்டையைப் பார்த்து அடுத்த கேள்வியை விழுங்கிக்கொண்டார்.

ஐந்தாம் நாள்தான் நியாயமான வேலை செய்தேன். பிளாஸ்டிக் புனலை மேசையில் விரித்து, வெளி விளிம்பிலிருந்து இரண்டு இஞ்ச் உள்ளே தள்ளிச் சாக்கால் கோடு போட்டு, கனத்த கத்தரியால் வெட்டினேன். வெட்டிய பிளாஸ்டிக் பிளேடு மாதிரி இருக்கும், அப்படியே விடக்கூடாது. குறுக்கு வாட்டில் வெட்டிய ஃபிளானல் பட்டியை மடித்து, ஊசியால் ஓட்டை போட்டுக் கையாலேயே பைப்பிங் தைத்தேன். கழுத்துப் பக்கம் இரண்டு மடிப்பாக மெத்தை மாதிரி. அவளுடைய பழைய பெல்ட்டையே புனலின் வளையங்களில் கோத்து மாட்டினேன், பழகிய வாசம் என்பதாலோ என்னவோ தலையைத் தானே நீட்டினாள். இரண்டு விரல் நுழைந்தது. மூக்குக்கு முன்னால் ஓர் இஞ்ச். முன்பு அறுத்த இடத்தைத் தினமும் காலையில் தூக்கிப் பார்த்தேன், மூன்று நாளில் சிவப்பு மறைந்தது.

அப்புறம் சின்னச் சின்ன மாற்றங்கள். சோற்றுக் கிண்ணத்தைக் கவிழ்த்த பெயிண்ட் வாளி மேல் வைத்தோம். அகலக் கிண்ணத்தை எடுத்துவிட்டுப் புனலுக்குள் அடங்குகிற மாதிரிக் குறுகலானது, அவள் புனலோடு அதை மூடிக்கொண்டு சாப்பிடுவாள், உள்ளேயிருந்து ஆலை மாதிரி சத்தம் வரும். விளிம்பில் ஒட்டிய சோற்றை வேளைக்கு வேளை துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாறும். வலி மாத்திரை டாக்டர் எழுதியது மட்டும். வீட்டில் கிடக்கிற பாராசிட்டமால், ஐப்ரூபுரோஃபன் எதையும் கேட்காமல் கொடுக்காதீர்கள், நாய்க்கு அவை விஷமாகலாம்.

இன்னொன்று, மலையில் இருப்பவர்களுக்கு. புனல் போட்ட நாய்க்குப் பக்கவாட்டில் எதுவும் தெரியாது. எங்கள் பக்கம் சிறுத்தை தேயிலைத் தோட்டம் வழியாக வந்து வாசலில் படுத்திருக்கிற நாயைத் தூக்கிக்கொண்டு போவது யாருக்கும் புதுச் செய்தி இல்லை. சாதாரண நாட்களில் சுக்கு வாசம் பிடித்து முன்கூட்டியே உள்ளே ஓடி வந்துவிடுவாள். அந்த 12 நாளும் ஆறு மணிக்கு மேல் அவளை வெளியே விடவில்லை, பகலிலும் கயிறு என் கையில். ராத்திரிக்குக் குளியலறையில் பேப்பர் விரித்தோம். ஏழு வருஷமாக வெளியே போய்ப் பழகியவள், முதல் இரண்டு ராத்திரி அந்தப் பேப்பரைச் சுற்றி வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாளே தவிர போகவில்லை. மூன்றாம் ராத்திரி போனாள், கோபமாக.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். மறுபடி போட்ட இரண்டு இடத்தில் மட்டும் தழும்பு கொஞ்சம் தடிப்பு. புனலைக் கழற்றிய பிறகும் ஒரு வாரம்போல அவள் கதவு நிலையைத் தாண்டும்போது அரையடி ஒதுங்கியே போனாள், திரும்பும்போது லாரி மாதிரி அகலமாக வளைந்தாள்.

வெட்டிச் சரிசெய்த புனலைக் கழுவிக் கடையில் ஆணியில் மாட்டியிருக்கிறேன். துணிக் காலர் மிஷின் துடைக்கப் போயிற்று. அந்த 900 ரூபாய் வட்டக் காலரைத் தூக்கிப் போட மனசில்லாமல் உறையைத் துவைத்து வைத்திருந்தேன். போன மாசம் அத்தை கோயம்புத்தூர் கிளம்பும்போது அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மேட்டுப்பாளையம் இறங்குகிற ரோட்டில் வளைவுக்கு வளைவு தலை ஜன்னலில் இடிக்குமாம். ஊதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மலை இறங்கும்வரை நன்றாகத் தூங்கிக்கொண்டு போனேன் என்று வந்து சொன்னார்.